பத்தரை மணி வண்டி

ஓய்வு பெற்ற பிறகு எழுத ஆரம்பித்தவர்களைப் பார்த்து எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இப்பத்தான் நேரம் கிடைச்சுதா?" அன்பாகத்தான் கேட்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே "ஆமாம்" என்று சொல்லிவிடுவேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு நீளமாகப் பதில் சொல்ல முடியுமா?

அந்த நீளமான பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போன காலத்தில்தான் எனக்கு நேரம் இருந்தது. ஓய்வு பெற்ற அன்றோடு அது போய்விட்டது. திரும்பப் பிடிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று.

நான் 37 வருடம் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். அலுவலகம் பீச் ஸ்டேஷன் பக்கம். வீடு கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோடுக்கு உள்ளே. காலையில் எட்டேகாலுக்கு முன்னால் ஒரு வண்டி, சாயங்காலம் ஆறை ஒட்டி ஒரு வண்டி. தாம்பரத்தில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஆரம்பித்து பீச் வரை பதினேழு நிறுத்தம். ஐம்பது, ஐம்பத்தைந்து நிமிஷம். தாம்பரத்தில் புறப்படும் வண்டி என்பதால் ஜன்னல் ஓர இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கணக்குப் பிரிவில் இருந்த புத்தி சும்மா இருக்காது. ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 240 நாள், நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு 55 நிமிஷம், 37 வருடம். மொத்தம் 16,000 மணி நேரத்துக்கு மேல். இரவு பகலாக எண்ணினால் கிட்டத்தட்ட 22 மாதம். அந்த 22 மாதம் யாரும் என்னை "அம்மா தண்ணி", "ஏம்மா என் கண்ணாடி எங்கே" என்று கூப்பிடவில்லை. மேசைக்கு யாரும் கோப்பு கொண்டுவரவில்லை. வாடகை நூலகத்துப் புத்தகங்களை அந்த ஜன்னல் ஓரத்தில்தான் படித்தேன். கண் மூடித் தூங்கியதும் அங்கேதான். வெறுமனே வெளியே பார்த்துக்கொண்டு வந்த நாட்களும் உண்டு. மீட்டர்கேஜ் வண்டி 2004-இல் நின்றது, பெட்டிகள் மாறின, கூட்டம் பெருகியது. அந்த ஐம்பத்தைந்து நிமிஷம் மட்டும் என்னுடையதாகவே இருந்தது.

இதை யாரும் எனக்குப் பரிசாகக் கொடுக்கவில்லை. வண்டி யாருக்காகவும் நிற்காது, அவ்வளவுதான் விஷயம். எட்டு மணிக்கு நான் செருப்பை மாட்டினால் வீட்டில் ஒருவரும் தடுக்கமாட்டார்கள். மாமியார்கூட "வண்டி போயிடும், நீ கிளம்பு" என்பார். தோசை பாதியில் நிற்கும், பிள்ளையின் சட்டைப் பொத்தான் தைக்காமல் கிடக்கும், ஆனாலும் நான் போகலாம். வீட்டுக்கும் எனக்கும் நடுவில் ரயில்வே கால அட்டவணை நின்று எனக்காக வாதாடியது.

2021 டிசம்பரில் ஓய்வு பெற்றேன். மாலை, சால்வை, ஒரு குத்துவிளக்கு. மறுநாளிலிருந்து எனக்கு வண்டி கிடையாது.

அதன்பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. "நீ வீட்ல சும்மாதானே இருக்கே" என்ற வாக்கியத்தில் இல்லாத வேலை கிடையாது. கேஸ் சிலிண்டர் வரும், தண்ணி லாரி வரும், கூரியர் வரும். பெண் வேலைக்குப் போகிறாள் என்பதால் பேரன் மூன்றேகாலுக்குப் பள்ளியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவான். மின்சாரக் கட்டணம், பெருங்களத்தூரில் ஒரு சீமந்தம், குரோம்பேட்டையில் ஒரு சாவு. வேலைக்குப் போகும்போது இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்கிக் கிடந்தன. இப்போது ஏழு நாளிலும் பரவி உட்கார்ந்துகொண்டன. நாள் முழுவதும் என் கையில்தான் இருந்தது. அதில் அரை மணி நேரத்தைக்கூட என்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

எழுத வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் பக்கத்து மேசைத் தோழி ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம், கல்யாணமாகிப் பல்லாவரம் வந்தவள். அவளுடைய ஆச்சி நடவுப் பாட்டிலும் ஒப்பாரியிலும் பேர் போனவர். அந்தப் பாட்டுகளில் நாற்பதுக்குக் குறையாமல் இவளுக்குத் தெரியும். சாயங்கால வண்டியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே மெல்லிய குரலில் பாடுவாள். லேடீஸ் கம்பார்ட்மென்டில் பூ கட்டுகிறவர்கள், சீட்டுப் பணம் எண்ணுகிறவர்கள், தூங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் கை நிறுத்திக் கேட்பார்கள். "இதையெல்லாம் எழுதி வைம்மா" என்று யாராவது சொன்னால் அவளுடைய பதில் எப்போதும் ஒன்றுதான். "மார்ச் முடியட்டும்."

கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் கனம் புரியும். மார்ச் 31 வருடக் கணக்கு முடிக்கும் நாள். ஜனவரியிலிருந்தே எல்லாவற்றையும் அதற்கு அப்பால் தள்ளிவிடுவோம். கண்ணாடி மாற்றுவது, பல் பிடுங்குவது, ஊருக்குப் போவது எல்லாமே மார்ச் முடிந்த பிறகுதான். மார்ச் முடிந்தால் ஏப்ரலில் தணிக்கை வரும். தணிக்கை முடிந்தால் பள்ளிக்கூடம் திறக்கும், அப்புறம் ஆடி, அப்புறம் தீபாவளி, அப்புறம் மறுபடி மார்ச்.

2019-இல் பொங்கல் முடிந்ததிலிருந்து அவளுக்கு இடது தோளில் வலி. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். மதியத்துக்கு மேல் சோர்ந்துவிடுவாள். டாக்டரிடம் காட்டச் சொன்ன அவள் பெண்ணுக்கும் அதே பதில்தான், மார்ச் முடியட்டும். மார்ச் முடிந்து தணிக்கையும் முடிந்தது. மே மாதம் இரண்டாவது வாரம் மாரடைப்பில் போய்விட்டாள். அவள் ஓய்வு பெற இன்னும் பத்து மாதம் இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் மாரடைப்பு என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பெண்களுக்கு அது பல நேரம் தோள் வலியாக, தாடை வலியாக, மூச்சிரைப்பாக, காரணமில்லாத அசதியாக வரும் என்பதை டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இதைப் படிக்கும் பெண்கள் இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அவளோடு அந்த நாற்பது பாட்டும் போயிற்று. உடம்பைத் தள்ளிப் போட்ட அதே வாக்கியம்தான் எழுத்தையும் தள்ளிப் போட்டது. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வெட்டப்படுகின்றன. வீட்டுக்கோ ஆபீசுக்கோ அவசரம் வந்தால் முதலில் கை வைப்பது நம் தூக்கத்தில், நம் நடையில், நம் நோட்டுப் புத்தகத்தில். மற்றதெல்லாம் யாருக்காவது பதில் சொல்ல வேண்டிய வேலை. இவற்றுக்குக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் கழித்து, தெருமுனை டாக்டரம்மாவிடம் பேரனின் சளிக்குப் போனேன். "உங்களுக்கும் பார்த்துடுவோம்" என்று என் கையிலும் பட்டையைச் சுற்றினார். ரத்த அழுத்தம் 168-க்கு 104. இரண்டு நாள் விட்டுப் பார்த்தபோதும் அதே அளவுதான். தினமும் ஒரு மாத்திரை, ஒரே நேரத்தில். உப்பைக் குறைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அப்பளம், ஊறுகாய், வடகம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அப்புறம் நடை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம்.

இங்கேதான் சிக்கல் வந்தது. அப்போதுதான் நோட்டுப் புத்தகம் வாங்கி, தோழியையும் அந்த வண்டியையும் பற்றி எழுத ஆரம்பித்திருந்தேன். நாளில் எனக்கென்று பிடித்து வைத்திருந்தது ஒரே ஒரு இடைவெளி, காலை ஆறிலிருந்து ஏழு. நடந்தால் எழுத்து கிடையாது. எழுதினால் நடை கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஒரு யோசனை சொன்னார். "நடக்கும்போதே போன்ல பேசி எழுதிக்கோயேன்." முயன்று பார்த்தேன். போன் என் பேச்சைப் பாதிதான் புரிந்துகொண்டது. சேலையூர் ஏரிப் பக்கத்து நாய்களுக்கோ தனியாகப் பேசிக்கொண்டு வரும் பெண்மணியைப் பிடிக்கவே இல்லை. எழுத்தும் வரவில்லை, நடையும் நடையாக இல்லை. இரண்டுக்கும் தனித்தனி நேரம் வேண்டும் என்பது மட்டும் தெளிவாயிற்று.

இன்னொன்றும் கவனித்தேன். நடைக்கு வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், அது மருந்துச் சீட்டில் இருக்கிறது. எழுத்துக்குச் சீட்டு இல்லை. "எழுதுறதுக்குக் காசு ஏதாவது வருமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வராது என்றதும் ஒரு பார்வை பார்த்தார். காசும் வராது, டாக்டரும் சொல்லவில்லை என்றால் அது பொழுதுபோக்கு. பொழுது போகாதவர்களுக்குத்தானே பொழுதுபோக்கு?

இதை யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் என் பழைய ரயில் பாதையே எனக்கு ஒரு பாடம் நடத்தியது. எல்லாம் எப்போதோ அங்கங்கே படித்தவைதான். ஆனால் ஒரே பாதையில் வரிசையாக அமைந்திருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலில் பீச் ஸ்டேஷன். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் துறைமுகம். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். கணித மேதை ராமானுஜன்தான் அவர். எங்கள் ஜாதி, அதாவது கணக்குப் பிரிவு ஜாதி! கிடைத்த நேரத்தில், கிடைத்த தாளில் கணிதம் எழுதினார். 1914-இல் இங்கிலாந்து போனார். அங்கே வேலை வந்தால் முப்பது மணி நேரம் தொடர்ந்து செய்துவிட்டு இருபது மணி நேரம் தூங்குவாராம். தானே சமைத்துச் சாப்பிட்டார். யுத்த காலம், நம் ஊர்க் காய்கறிகள் கிடைக்காத ஊர். 1917-இல் படுத்தவர் பிறகு முழுதாக எழவே இல்லை. காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். கல்லீரலில் ஏற்பட்ட அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி மாதங்களில் படுக்கையிலும் கணிதம்தான். சேத்துப்பட்டும் என் பாதையில் ஒரு ஸ்டேஷன்.

ராமானுஜன் தன்னைக் கவனித்துக்கொள்ளவில்லை என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நோய்க்குக் காரணம் யாருக்கு முழுதாகத் தெரியும்? அவர் மேதை, அவருடைய வேலைமுறை அவரோடு. நம்மைப் போன்றவர்கள் அதைப் பார்த்து "உத்வேகம் வந்தால்தான் எழுதுவேன், வந்தால் விடியவிடிய எழுதுவேன்" என்று இருந்தால் கட்டுரையும் மிஞ்சாது, உடம்பும் மிஞ்சாது. அதைத்தான் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ராமானுஜன் சிகிச்சை பெற்ற இடங்களில் ஒன்று மெண்டிப் மலைப் பகுதியில் இருந்த சானடோரியம். அதை நடத்தியவர் நம்மவர், டாக்டர் சௌரி முத்து. அவர்தான் பிறகு இந்தியா திரும்பி 1928-இல் தாம்பரத்தில் ஒரு காசநோய் சானடோரியம் தொடங்கினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அந்த ஆஸ்பத்திரியின் பெயரையே சுமந்துகொண்டு ஒரு ஸ்டேஷனும் இருக்கிறது. நான் தினமும் ஏறியதும் வரும் முதல் நிறுத்தம். முப்பத்தேழு வருடம் "சானடோரியம், சானடோரியம்" என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1940-களில்தான். சானடோரியங்களில் கொடுத்தது நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு. அந்த ஓய்வும் இஷ்டப்பட்டபோது எடுக்கும் ஓய்வு அல்ல. இத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், இத்தனை மணிக்கு எழுந்து இத்தனை தூரம் நடக்க வேண்டும் என்று அளவு உண்டு. நடையையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள். ஓய்வையே மருந்து மாதிரி வேளை பார்த்துக் கொடுத்த இடம் அது.

அடுத்த பாடமும் சேத்துப்பட்டில்தான். 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, மருந்து. மறு பாதி சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்துகொண்டு, அதே மருந்தை ஒரு வருடம் சாப்பிட்டார்கள். முடிவு 1959-இல் வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் முழுவதும் காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற வழக்கத்துக்கு இந்தச் சென்னை ஆய்வு பெரிய காரணம். மருந்தை நாள் தவறாமல் சாப்பிட வைப்பதுதான் கஷ்டம் என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டார்கள்.

நான் டாக்டர் அல்ல. காசநோய்க்கும் கட்டுரைக்கும் முடிச்சுப் போடுவது கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் எனக்கு வேண்டியது அதில் கிடைத்தது. எழுதுவதற்குக் கொடைக்கானலில் அறை வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ள கேரளாவில் பதினைந்து நாள் எண்ணெய்ச் சிகிச்சை வேண்டாம். இருக்கிற வீட்டிலேயே, இருக்கிற இரைச்சலிலேயே நடக்கும். ஒரே நிபந்தனை, நாள் தவறக்கூடாது. அதற்கு மனசை நம்பாமல் கடிகாரத்தை நம்ப வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். "காலையில அஞ்சரைலேர்ந்து ஆறு இருபது நடை. பத்தரைக்கு எனக்கு ஒரு வண்டி இருக்கு. பதினொன்றரைக்கு இறங்குவேன். நடுவுல நான் வீட்ல இல்ல."

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சிலிண்டர் வந்தா ஓடிபி உன் போனுக்குல்ல வரும்?" என்றார்.

நியாயமான கேள்வி. எழுத்தாளர்களின் பேட்டிகளில் இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை! மறுநாளே கேஸ் கம்பெனியில் அவருடைய எண்ணைப் பதிந்துகொண்டோம். ரேஷன், மின்சாரம், கூரியர் எல்லாவற்றுக்கும் அவர் எண். எனக்குக் கிடைத்த ஒரு மணி நேரத்தில் பாதி இந்த எண் மாற்றத்தால் வந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். பத்தரைக்குள் சமையல் முடிய ஒரு பொரியல் குறைந்தது. ஒருவரும் இளைத்துப் போகவில்லை. பத்தரைக்கு உள் அறையில் கதவைச் சாத்திக்கொள்வேன். போன் கூடத்தில் இருக்கும். எழுத வந்தால் எழுதுவேன். வராவிட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வண்டியிலும் அப்படித்தானே போனேன்? நடு வழியில் யாராவது இறங்குவார்களா?

முதல் இரண்டு வாரம் கதவு நாலு தடவை தட்டப்பட்டது. பிறகு குறைந்தது. கோடை விடுமுறையில் பேரன் நாள் முழுவதும் இங்கேதான். ஒருநாள் என் நாத்தனார் போன் செய்திருக்கிறார். அவன் எடுத்து, "பாட்டி பத்தரை வண்டியில போயிருக்காங்க. பதினொன்றரைக்கு இறங்குவாங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். நாத்தனார் பதறிப் போய் என் பெண்ணுக்குப் போன் செய்து, "அண்ணி தனியா எந்த ஊருக்குப் போறாங்க?" என்று கேட்டாராம். அதன்பிறகு எங்கள் உறவில் எல்லோருக்கும் பத்தரை வண்டி தெரியும். கல்யாணத் தேதி சொல்லக் கூப்பிடுகிறவர்கள்கூடப் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் கூப்பிடுகிறார்கள்.

எல்லா நாளும் வண்டி ஓடுகிறது என்று சொன்னால் பொய். முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் ரத்து. பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோது ஐந்து நாள் ரத்து. ரயில்வேயிலும் பராமரிப்பு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நிறுத்துவதில்லையா? மறுநாள் அதே நேரத்துக்குப் புறப்பட வேண்டும், அவ்வளவுதான். விட்ட நாளுக்குச் சேர்த்து இரண்டு மணி நேரம் உட்காருவதில்லை. மாத்திரையும் அப்படித்தான். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அழுத்தம் குறைந்துவிட்டதே என்று நாமாக நிறுத்துவதும் கூடாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் குறைந்திருக்கிறது.

பதினொன்றரைக்கு எழுந்துவிடுவதிலும் ஒரு கட்டுப்பாடு தேவைப்படுகிறது. எழுத்தும் உட்கார்ந்து செய்கிற வேலைதான். 37 வருடம் நாற்காலியில் தேய்ந்த இடுப்பு, அதை எழுத்து என்று தனியாக மரியாதை கொடுத்துப் பார்ப்பதில்லை. கழுத்து பிடிக்கும், கண் எரியும், கால் வீங்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் மறுநாள் தொடங்குவதும் எளிதாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்வது என்றால் இப்போதெல்லாம் என்னென்னவோ விற்கிறார்கள். என் அனுபவத்தில் அது விலைக்கு வாங்கும் பொருளாக இல்லை. நேரத்துக்குத் தூக்கம், நேரத்துக்கு மாத்திரை, ஒரு நடை, கதவு சாத்திய ஒரு மணி நேரம். போன மாதம் பார்த்தபோது 132-க்கு 84. இதற்கு எழுத்தும் ஒரு காரணமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "மாத்திரையும் நடையும் உப்பும்தான் காரணம். ஆனா முகம் தெளிஞ்சிருக்கு" என்றார். எனக்கு அது போதும்.

வயதான பிறகு எழுத வந்து என்ன சாதிக்க முடியும் என்று சில நேரம் தோன்றும். அப்போது நான் நினைத்துக்கொள்வது கி. ராஜநாராயணனை. 1923-இல் கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் பிறந்த விவசாயி. இளம் வயதில் காசநோயில் கிடந்து மீண்டவர். முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத வந்தார். அதே ஊரில் அதே வருடம் பிறந்த அவருடைய நண்பர் கு. அழகிரிசாமி அதற்கு முன்பே பெயர் பெற்ற எழுத்தாளர். அழகிரிசாமி 1970-இல், 50 வயது ஆகும் முன்பே காலமானார். கி.ரா. அறுபதைத் தாண்டிய பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் பேராசிரியராக இருந்தார். 1991-இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது. 2021 மே மாதம் மறையும்போது வயது 98-ஐ ஒட்டியிருந்தது. யாருக்கு எத்தனை வருடம் என்பது நம் கையில் இல்லை. அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கரிசல் காட்டு மனிதர்களின் கதைகளையும் சொற்களையும் கேட்டுக் கேட்டுத் தொகுத்தார். வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே தயாரித்தார். சொன்னவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிட்டார்.

என் தோழியும் அந்தக் கரிசல்காரிதான். அவள் ஆச்சியின் பாட்டுகளை எழுத அவளுக்கு வாய்க்கவில்லை. பத்தரை வண்டியில் இப்போது நான் செய்யும் வேலை அதுதான். அந்தக் கம்பார்ட்மென்டில் எங்களோடு வந்தவர்களில் நான்கு பேருடைய எண்கள் என்னிடம் இருக்கின்றன. ஒருவர் பம்மலில், ஒருவர் கூடுவாஞ்சேரியில், ஒருவர் பெண்ணோடு பெங்களூரில். நான்காமவர் அதிகம் பேசமாட்டார், ஆனால் மெட்டு அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறேன். ஒருவருக்கு முதல் அடி தெரிகிறது, இன்னொருவருக்கு நடுவில் நாலு அடி. சண்டைகூட வருகிறது, "அது மாமன் இல்லடி, தம்பி" என்று. இதுவரை நாற்பதில் இரண்டரைப் பாட்டு தேறியிருக்கிறது. அந்த அரைப் பாட்டு ஒரு நடவுப் பாட்டு, முடிவு யாருக்கும் தெரியவில்லை.

1990-களிலும் அதற்குப் பிறகும் பீச்சிலிருந்து ஆறு மணியை ஒட்டிப் புறப்பட்ட தாம்பரம் வண்டியில், லேடீஸ் கம்பார்ட்மென்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பாடிய ஒரு பெண்ணை உங்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். ஒரே ஓர் அடி தெரிந்தாலும் போதும். பதினொன்றரைக்கு மேல் எந்த நேரமும் நான் கேட்கத் தயார்.